அரிய நூல் அறையின் பொறுப்பாளர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் அச்சான ஒரு தமிழ் நூல், நூலகத்திலிருந்து பைண்டிங்குக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. கையில் எடுத்ததுமே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். மேலட்டை இல்லை. அக்காலத்தில் மேலட்டை என்பது மெல்லிய வண்ணத்தாள்தான். ஆனால் விலை அதில்தான் இருக்கும், நூல் கிடைக்குமிடம் அதில்தான் இருக்கும், அதே அச்சுக்கூடத்தில் வாங்கக்கூடிய மற்றப் புத்தகங்களின் பட்டியலும் அதன் பின்பக்கத்தில்தான் இருக்கும். பைண்டர் அதை உரித்துப் போட்டுவிட்டு ரெக்சின் ஒட்டியிருக்கிறார். மூன்று விளிம்பையும் மிஷினில் கொடுத்து வெட்டியிருக்கிறார். பழைய வாசகர் ஒருவர் ஓரத்தில் எழுதிவைத்த பாடபேதக் குறிப்பில் வரிக்கு இரண்டு எழுத்து அந்த வெட்டில் போய்விட்டது. முதுகை ஒட்டிப் பக்கத் தையல் போட்டிருப்பதால் புத்தகம் விரியாது. வலிந்து விரித்தால் தாள் ஒடியும். தலைப்புப் பக்கத்தில், ஆசிரியர் பெயரின்மேல், நீல மையில் நூலக முத்திரை.

இதைச் செய்தவர்கள் யாரும் நூலின் பகைவர்கள் அல்லர். கிழிந்த நூலைக் கட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை, அனுப்பினார்கள். உடைமை தெரிய முத்திரை குத்த வேண்டும், குத்தினார்கள். அனுப்பிய நூலகர் நூலகவியலில் பட்டம் பெற்றவராகவே இருக்கலாம். பகுப்பெண் பிழையில்லாமல் இருக்கிறது, சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் இருக்கிறது. அவருக்குக் கற்பிக்கப்படாதது ஒன்று உண்டு. பழைய நூலின் தாள், தையல், அட்டை, ஓரக்குறிப்பு, விலை, கைமாறிய தடம் எல்லாமே ஆதாரம். அந்த ஆதாரத்துக்கு அவர்தான் காவல். இதைச் சொல்லிக்கொடுக்க அவர் படித்த இடத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

சுவடிகள், அரிய அச்சு நூல்கள், கடிதங்கள், புகைப்படங்கள், துண்டுப் பிரசுரங்கள், ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்து நன்கொடையாகத் தந்த புத்தகங்கள் என்று பெரிய நூலகங்களில் தனி அறை ஒன்று இருக்கும். சிறப்புத் தொகுப்பு என்பார்கள். 'ரேர் புக்ஸ் செக்‌ஷன்' என்றே பலரும் சொல்வார்கள். அந்த அறையின் பொறுப்பில் இருப்பவரை எப்படித் தயார் செய்கிறோம் என்பதே என் கவலை. கட்டடத்துக்குப் பணம் கேட்கிறோம், குளிர்சாதனத்துக்குக் கேட்கிறோம், ஸ்கேனருக்குக் கேட்கிறோம், சில வேளை கிடைக்கவும் செய்கிறது. ஆளைத் தயார் செய்வதற்கு யாரும் கேட்பதில்லை.

நூலகருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. பரோடா மன்னர் சயாஜிராவ் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டனை அழைத்து வந்தார். 1911-இல் அங்கே பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1915-இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில், ஆசா டான் டிக்கின்சன் இன்னொன்றைத் தொடங்கினார். சென்னையில் இது எஸ். ஆர். ரங்கநாதனால் வந்தது. சீர்காழிக்காரர், கணித ஆசிரியர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த ஆண்டே அதன் பயிற்சிப் பள்ளி, 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், 1933-இல் கோலன் பகுப்பு முறை என்று பத்தாண்டுக்குள் ஒரு துறையையே எழுப்பிவிட்டார். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. நூல் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதே அந்தக் கல்வியின் உயிர்நாடி. பூட்டிய அலமாரிகளைத் திறக்கவைத்த கல்வி அது. தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களில் படித்து வளர்ந்த எவரும் அந்தக் கடனை மறக்க முடியாது.

ஏடுகள் மட்டும் இந்த ஓட்டத்துக்கு வெளியே நின்றன. அவை பண்டிதர்கள் கையில் இருந்தன. காலின் மெக்கன்சியும் சி. பி. பிரவுனும் திரட்டியவற்றை அடிப்படையாகக் கொண்டு 1869-இல் சென்னையில் அமைந்த அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பொறுப்பில் எம். ரங்காசாரியார், எஸ். குப்புசாமி சாஸ்திரியார் போன்ற பேரறிஞர்கள் இருந்தார்கள். அவர்கள் காலத்து விளக்க அட்டவணைகளைப் புரட்டினால் மலைப்பாக இருக்கும். ஏடு எதனால் ஆனது, நீள அகலம் என்ன, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த எழுத்து, சிதைவு எவ்வளவு, நூலின் தொடக்கம் எது, முடிவு எது என்று ஒவ்வொரு சுவடிக்கும் எழுதியிருக்கிறார்கள். அந்த நூலகம் பல பத்தாண்டுகள் இயங்கியது சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில். ரங்கநாதன் வளர்த்த நூலகமும் பண்டிதர் மரபும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கின. ஒன்றின் பாடம் மற்றொன்றுக்குள் போகவில்லை.

இன்றுவரை நம் சிறப்புத் தொகுப்புகளின் நிலை இந்தப் பிளவிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். நூலகவியல் படித்தவருக்கு ஏடு வாசிக்க வராது. ஏடு வாசிக்கும் புலவருக்கு, அறையின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதோ, மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது என்பதோ பாடமாக வந்ததில்லை. இருவருக்கும் தெரியாத இன்னொரு அறிவு அங்கே இருந்தது. அது உதவியாளர்களிடம், அட்டெண்டர்களிடம் இருந்தது.

மாணவனாக ஒரு சுவடி நூலகத்துக்குப் போனபோது அப்படி ஒருவரைப் பார்த்தேன். நான் கேட்ட கட்டை எடுத்துவந்து மேசையில் துணி விரித்து வைத்தார். உடனே அவிழ்க்கவில்லை. கயிறு எத்தனை சுற்று, எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று முதலில் பார்த்தார். அவிழ்த்ததும், கயிற்று முனையில் ஏட்டைப் பிடித்து நிறுத்தும் கிளிமூக்கு என்ற சிறு ஓலைத் துண்டு பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு மேல் சட்டத்தை விலக்கி, ஓரம் ஒடிந்த ஏடுகளை எண்ணி ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். நான் ஆவலில் நடு ஏட்டைத் தூக்கப் போனேன்.

"பேப்பர் மாதிரி புரட்டாதீங்க, தம்பி. கயித்தத் தளத்திவிட்டு ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிட்டு வாங்க. ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க."

"ஒட்டியிருந்தா என்னங்க ஐயா பண்ணுவீங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இந்தப் பதிலுக்குள் ஒரு கல்வி இருக்கிறது. ஒட்டிய ஏட்டை வலிந்து பிரித்தால் ஒன்றின் எழுத்து மற்றொன்றோடு உரிந்து வரும். உலர்ந்து விறைத்த ஓலையை இளக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள். அதற்கும் அளவு உண்டு, கூடினால் தூசியை இழுக்கும். எழுத்தாணிக் கீறலில் ஏற்றிய கரி மை சரியாகப் பிடிக்காமல் இருந்தால் துடைக்கும் துணியோடு அதுவும் வந்துவிடும். எதைச் செய்யக் கூடாது, எதை இன்றைக்குச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பதே பேணுதலின் முதல் பாடம். அந்த மனிதர் அதை எங்கும் படித்ததில்லை. அவருக்கு முன்னிருந்தவர் பக்கத்தில் நின்று கற்றது. அவர் ஓய்வுபெற்றபோது அவருக்குத் தெரிந்தது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

கட்டின் முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் ஒடிகின்றன. வெளிப்பக்கம் இருப்பவை அவைதாமே. நூலின் பெயர் இருப்பது முதல் ஏட்டில். எழுதி முடித்த ஆண்டு, மாதம், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதியது என்பவை இருப்பது கடைசி ஏட்டில். அடையாளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிதைவு தொடங்குகிறது. பொறுப்பாளர் இதை அறிந்தவரானால் புதிதாக ஒரு கட்டு வந்தவுடன் முதலில் இந்த இரண்டையும் படித்து எழுதிவைப்பார். அறியாதவரானால் வரிசை எண் போட்டு அலமாரியில் வைப்பார். ஐந்து வருஷம் கழித்து அது 'பெயர் தெரியாத சுவடி' ஆகிவிடும்.

அச்சு நூலிலும் இதே கதைதான். பழைய நூலின் தலைப்புப் பக்கத்தில் 'விய வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. அறுபதாண்டுச் சுழற்சியில் விய என்பது 1886-87 ஆகலாம், 1946-47-உம் ஆகலாம். அட்டவணையில் எதை எழுதுவது? விலை அணாக்கணக்கில் இருப்பது உதவாது, 1957 வரை அணாதான். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். இங்கே அது இல்லை. எழுத்து வடிவமும் கைகொடுக்காது, 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் இரண்டு காலத்துக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்துத்தான். பிறகு தாளைத் தடவிப் பார்க்க வேண்டும், அச்சுக்கூடத்தின் பெயரைத் தேட வேண்டும், சொற்களைப் பிரித்திருக்கிறார்களா சேர்த்தே அடித்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும், முகவரியில் தெருப்பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், மேலட்டை இருந்தால் பின்பக்க விளம்பரத்தில் உள்ள மற்ற நூல்கள் எப்போது வந்தவை என்று பார்க்க வேண்டும். 1867-இன் அச்சகச் சட்டப்படி மாகாண அரசுகள் வெளியிட்ட காலாண்டு நூற்பட்டியல்களில் தேடலாம். இவ்வளவும் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் விடை சொல்வார். தெரியாதவர் ஒன்றை ஊகித்து எழுதிவிடுவார். அந்த ஊகம் அட்டவணையில் ஏறி, அதிலிருந்து ஆய்வேட்டுக்குப் போய், மூன்றாவது ஆய்வேட்டில் வரலாறாகவே ஆகிவிடும்.

நூலகவியல் கல்வி சிறப்புத் தொகுப்புக்குப் போதவில்லை என்பது ஒரு பக்கம். சில இடங்களில் அது எதிர்த்திசையில் இழுக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பகுப்புமுறை சொல்வது: ஒரே பொருள் பற்றிய நூல்கள் ஓரிடத்தில் சேர வேண்டும். வைத்தியம் வைத்தியத்தோடு, சோதிடம் சோதிடத்தோடு. பொது நூலகத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு புலவர் வீட்டிலிருந்து நானூறு புத்தகங்கள் நன்கொடையாக வருகின்றன. அவற்றில் இலக்கணம் உண்டு, வைத்தியம் உண்டு, கந்தர் சஷ்டி நோட்டீஸ் உண்டு, நாவல் உண்டு, ரயில்வே அட்டவணைகூட உண்டு. பகுப்பெண்படி பிரித்து அலமாரிகளில் போட்டால் நானூறு புத்தகங்கள் கிடைக்கும். ஒரு மனிதரின் வாசிப்பு போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நூல் என்று இரட்டைப் பிரதிகளைக் கழித்துவிட்டால், அவர் ஓரக்குறிப்பு எழுதிய பிரதிதான் பழைய பேப்பர்க் கடைக்குப் போகும். ஒருவர் சேர்த்துவைத்ததைச் சேர்ந்தபடியே வைத்திரு என்பது ஆவணக் காப்பகங்களின் விதி; 1841-இல் பிரான்சில் அரசின் சுற்றறிக்கையாகவே வந்தது. இந்த ஒரு விதியை நூலகவியல் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தால் எத்தனையோ சேகரங்கள் இன்று முழுசாக இருந்திருக்கும்.

நம்மிடம் நல்ல உதாரணமும் இருக்கிறது. மறைமலையடிகள் தம் வீட்டில் சேர்த்த நூல்கள் சிதறவில்லை. அவர் பெயரிலேயே தனி நூலகமாகி, இன்று கன்னிமாரா நூலகத்தில் இடம்பெற்றிருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி வாங்கிச் சேர்த்த ஐரோப்பிய நூல்களில் அவர் கையெழுத்தைப் பார்க்கலாம். 1832-இல் மறைந்த ஒரு மன்னர் என்ன படித்தார், எதில் ஆர்வம் கொண்டார் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சி. 'பழைய பதிப்பு, புதியது இருக்கிறது' என்று யாராவது கழித்திருந்தால் அந்தச் சாட்சி இல்லை. அதே நூலகத்தில் பூச்சி அண்டாமலிருக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்துத் துணி முடிச்சாக வைக்கும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. மருந்துச் சரக்கின் வாசனையோடு ஏடு இருக்கும். இராமபாணப் பூச்சியை விரட்டும் இந்தக் கைமுறையைப் பயிற்சியில் சேர்த்துச் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும். பழையது என்பதற்காகத் தள்ளவும் கூடாது, பழையது என்பதற்காகவே நம்பவும் கூடாது.

வெளியே இந்தப் பயிற்சி எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஃப்ளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரைபுரண்டது. தேசிய நூலகத்தின் அடித்தளத்தில் இருந்த லட்சக்கணக்கான நூல்களும் ஆவணங்களும் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து உதவிக்கு வந்தவர்களில் பீட்டர் வாட்டர்ஸ் தலைமையிலான ஆங்கிலேயர் குழுவும் ஒன்று. அங்கே வேலைசெய்த கிறிஸ்டபர் கிளார்க்சன் ஒன்றைக் கவனித்தார்: பசையை அதிகம் நம்பாமல் மெல்லிய தோலால் தளர்வாகக் கட்டப்பட்ட பழைய நூல்கள் வெள்ளத்தை நன்றாகத் தாங்கியிருந்தன. பழைய கட்டுமானத்தை மதித்துப் படிக்க வேண்டும், செய்த எதையும் பின்னால் வருபவர் நீக்கக்கூடியபடி செய்ய வேண்டும், கூடிய மட்டும் குறைவாகச் செய்ய வேண்டும் என்ற இன்றைய பேணற்கலையின் கொள்கைகள் அந்தச் சேற்றில் உறுதிப்பட்டன. வாட்டர்ஸ் பின்பு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய் அங்கே அந்தத் துறையை அமைத்தார். 1983-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெரி பெலாஞ்சர் தொடங்கிய அரிய நூல் பள்ளி 1992-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. ஒரு வாரப் படிப்புகள். நூலகர்களும் பழைய புத்தக வியாபாரிகளும் பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கற்பதற்கென்றே சேர்த்துவைத்த பழைய நூல்களைக் கையில் எடுத்து, தாளின் நீர்க்குறியைப் பார்த்து, மடிப்பை எண்ணிப் படிக்கிறார்கள். குறைப்பிரதிகளும் சிதைந்த பிரதிகளும் அங்கே நல்ல ஆசிரியர்கள். நம்மிடமும் சிதைந்த பிரதிகளுக்குப் பஞ்சமில்லை.

பயிற்சியும் தகுதியும் இல்லாதவரிடம் சாவி போனால் என்ன ஆகும் என்பதற்கு நேப்பிள்ஸ் நகரின் ஜிரோலாமினி நூலகத்தைச் சொல்ல வேண்டும். 2011-இல் பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லாத மாரினோ மஸ்ஸிமோ தெ காரோ அதன் இயக்குநராக அமர்த்தப்பட்டார். அரசியல் செல்வாக்குத்தான் காரணம். அடுத்த ஆண்டு கலை வரலாற்றாசிரியர் தொமாசோ மொந்தனாரி அங்கே போய்ப் பார்த்த அலங்கோலத்தைப் பத்திரிகையில் எழுதிய பிறகு, இயக்குநரே ஆயிரக்கணக்கான நூல்களைக் கடத்தி விற்றது வெளியே வந்தது. கலீலியோவின் 1610-ஆம் ஆண்டு நூலுக்குப் போலிப் பிரதி ஒன்றைத் தயாரித்ததும் அதே மனிதர்தான். அந்தப் போலியைப் பெரிய நிபுணர்களே அசல் என்று ஏற்றிருந்தார்கள். நிக் வைல்டிங் என்ற வரலாற்றாசிரியர் அச்சின் தடங்களையும் முத்திரையையும் கூர்ந்து பார்த்து அதை உடைத்தார். நூலைப் பொருளாகப் பார்க்கத் தெரிந்த கண் இல்லாவிட்டால் திருட்டும் தெரியாது, போலியும் தெரியாது.

பிளவுபட்ட அறிவுகள் ஓரளவு சேர்ந்த இடமும் தமிழகத்தில் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கப்பலேற்றாமல் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஐம்பதாயிரம் அளவிலான நூல்கள். அட்டவணைப்படுத்துவது, தாள் பேணுவது, நுண்படம் எடுப்பது மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடந்ததால், அட்டவணை எழுதுபவருக்குத் தாளின் நிலை தெரிந்தது, தாளைத் தொடுபவருக்கு நூலின் அருமை தெரிந்தது. வேலையே பயிற்சியானது. மலிவுப் பதிப்பான குஜிலிப் பாட்டுப் புத்தகத்தை நூல் என்று மதிக்காத நூலகங்கள் நிறைய இருந்த நாட்டில், அதை ஆய்வாளர் கேட்டால் எடுத்துத் தரும் இடம் ஒன்று இப்படித்தான் அமைந்தது.

அரசு நூலகங்களில் உள்ளவர்களின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. இருப்புச் சரிபார்ப்பு என்றாலே அவர்களுக்குக் கலக்கம். மத்திய அரசின் பொது நிதி விதிகள், வாசகருக்கு வழங்கும் ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் இழப்பை இயல்பு என்று ஏற்கின்றன. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ காணாமல் போனால் விசாரணை கட்டாயம். விதி நியாயமானது. பயிற்சியில்லாத பொறுப்பாளர் அதை எதிர்கொள்ளும் வழி ஒன்றே ஒன்றுதான்: பூட்டிவிடுவது. பூட்டிய அறையில் காற்று ஓடாது, மழைக்கசிவு தெரியாது, கறையான் ஏறுவது தெரியாது. வாசகர் வராததால் எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. ரங்கநாதன் திறந்த பூட்டு அரிய நூல் அறையில் மறுபடி தொங்குகிறது. வாசகரை எப்படி உட்காரவைப்பது, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஏடுகளை எப்படி எண்ணுவது, பேனாவை வாங்கிவைத்துப் பென்சில் கொடுப்பது, வெள்ளைக் கையுறையைவிடக் கழுவி உலர்ந்த கையே தாளுக்கு நல்லது என்பது எல்லாம் தெரிந்தவர் திறக்கப் பயப்பட மாட்டார். பயிற்சி தரும் தைரியம் இது. கொஞ்சம் பழகிவரும்போது மாறுதல் ஆணை வந்துவிடுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுவடி அறைக்குப் பொறுப்பானவரை மூன்றாண்டில் வேறு ஊர்க் கிளை நூலகத்துக்கு அனுப்புவது, கற்ற அனைத்தையும் குப்பையில் போடுவதற்குச் சமம்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இப்போது வலுத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நண்பர்கள் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' தளமும் செய்துவரும் பணிக்கு நாம் எல்லோருமே கடன்பட்டவர்கள். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எதை ஸ்கேன் செய்வது, மேலட்டையோடு செய்வதா, ஒரே கட்டில் மூன்று நூல் இருந்தால் எப்படிப் பெயரிடுவது, செய்த பின் மூலத்தை என்ன செய்வது என்பவற்றை மிஷின் சொல்லாது. அமெரிக்காவில் நுண்படம் எடுத்தாகிவிட்டது என்று நாளிதழ்த் தொகுதிகளைப் பெரிய நூலகங்களே கழித்துக்கட்டியதை எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001-இல் 'டபுள் ஃபோல்டு' என்ற நூலில் எழுதினார். நுண்படத்தில் பக்கம் விட்டுப்போயிருந்தது, படங்கள் கரியாகியிருந்தன, திரும்பிப் பார்க்க மூலம் இல்லை. நாம் அந்தத் தவற்றை ஒருமுறை செய்தாலே போதும். நம்மிடம் பல நூல்களுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

இங்கே பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பள்ளி ஓராண்டுப் பட்டயம் தந்திருக்கிறது. லக்னோவில் பேணற்கலை ஆய்வகம் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு துண்டைக் கற்பிக்கிறது. நான் கேட்பது தமிழ்ச் சேகரங்களுக்கென்று ஓராண்டுப் படிப்பு ஒன்று. வகுப்பறை குறைவாக இருக்கட்டும். நாலு மாதம் தஞ்சையில் ஏட்டோடு, நாலு மாதம் சென்னையில் அச்சு நூலோடும் துண்டுப் பிரசுரத்தோடும், மிச்சம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடத்தில் கிரந்தச் சுவடியோடும் புகைப்படத்தோடும். புள்ளியும் ஏகார ஓகார நெடிலும் குறிக்காத பழைய எழுத்தை வாசிக்கவும், பசை காய்ச்சவும், பதிப்புரிமைச் சட்டம் படிக்கவும், நன்கொடையாளரோடு ஒப்பந்தம் எழுதவும், நனைந்த நூலை இரண்டு நாளுக்குள் என்ன செய்வது என்று செய்து பார்க்கவும் அதில் இடம் வேண்டும். கற்பவர் வரிசையில் அட்டெண்டர்களும் பைண்டர்களும் உட்கார வேண்டும். கற்பிப்பவர் வரிசையிலும் அவர்கள் உட்கார வேண்டும். முதல் நாள் முதல் பாடம் பட்டியல் எடுப்பது. அந்தப் பட்டியலின் ஒரு பிரதி வேறொரு ஊரில் இருக்க வேண்டும். 1981 ஜூன் முதல் நாள் விடியும்போது யாழ்ப்பாண நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாகியிருந்தன. அந்த நூலகத்தை இழந்த மொழிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படிப்பை முடித்தவருக்குத் தனிப் பணியிடமும் அதற்கேற்ற ஊதியமும், குறைந்தது பத்தாண்டு அந்த அறையிலேயே இருக்கும் உறுதியும் வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் புத்தகக் கட்டோ ஏட்டுக் கட்டோ இருந்தால், நல்லது கெட்டது என்று பிரிக்காமல் அப்படியே ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதற்குப் பொறுப்பாக யார் இருப்பார்? அவர் இதை எங்கே கற்றார்? பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்த நூலகத்தின் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பலர் எழுதினால்தான் அந்தப் பணியிடம் உருவாகும்.